கிளிக்காரரும் குடைக்கார மச்சானும்

கிளிக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். ரிசப்ஷனில் இருக்கும் பெண்கள் அவர் தலையைக் கண்டதும் உள்ளே போன் போட்டு, "கிளி வந்தாச்சு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, பையை மடியில் வைத்தபடி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். எவ்வளவு நேரமானாலும் அசைய மாட்டார். காத்திருப்பதில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது.

அவர் விற்றது பறவை அல்ல, ஒரு சாஃப்ட்வேர். ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் எழுதிப் பேசிக்கொள்ளவும், படமோ பத்திரமோ அனுப்பிக்கொள்ளவும் ஆன சாஃப்ட்வேர். கணக்குப் பிரிவுக்கு ஓர் அறை, கிடங்குக்கு ஓர் அறை என்று அதற்குள் வேண்டிய மட்டும் அறைகள் கட்டிக்கொள்ளலாம். திறந்தால் மூலையில் பச்சைக் கிளி ஒன்று இறக்கையை விரிக்கும். அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாததால், வாங்கியவர்கள் எல்லோருமே "கிளியில போடு", "கிளியில பாரு" என்று பழகிப்போனார்கள்.

அதற்கு முன்னால் அவர் இன்டர்காம் விற்றுக்கொண்டிருந்தார். மேஜைக்கு மேஜை மணியடிக்கும் போன்கள், அவற்றையெல்லாம் இணைக்கும் போர்டு, அதன் முன்னால் உட்கார்ந்து "யார் வேணும் சார்?" என்று கேட்கும் ஆப்பரேட்டர். அந்தக் காலத்தில் அவர் கால் படாத அலுவலகம் இல்லை. கைக்குக் கை போன் வந்த பிறகு இன்டர்காமை யாரும் சீந்தவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் அவர் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. அவர் மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் காலையில் கிளம்பிப் போனதும் வீடு வெறிச்சென்று கிடக்கும். இவர் சுவிட்சுகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். நன்றாக எரிந்த விளக்குகள் இரண்டு அந்தப் பராமரிப்பில்தான் உயிரை விட்டன.

கிளி கம்பெனியின் முதலாளி இவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். நேர்காணலில் அவர் இவருடைய படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சாஃப்ட்வேர் எழுதத் தெரிஞ்சவங்க என்கிட்ட நிறைய பேர் இருக்காங்க சார். ரிசப்ஷனைத் தாண்டி உள்ள போகத் தெரிஞ்சவங்கதான் ஒருத்தர்கூட இல்ல" என்றார்.

இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒற்றை விரலால் தட்டித் தட்டியே டைப் அடிக்கக் கற்றுக்கொண்டார்.

முதலில் விழுந்த பெரிய வாடிக்கை, லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனி. ஊரெங்கும் நின்றுபோகும் லிஃப்ட்டுகளுக்கு மெக்கானிக்குகளை அனுப்பிவைப்பது அவர்கள் தொழில். இன்டர்காம் காலத்திலேயே இவருக்கு அங்கே நல்ல பழக்கம். அங்கிருந்த போர்டு இவர் விற்றதுதான். அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டரம்மாவுக்கு எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் அந்த அம்மாவுக்கு, சில வருஷங்களில் காது மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டது. மருத்துவர்கள் நரம்பு என்றார்கள்; கருவி மாட்டியும் பலனில்லை. கடைசியில் போனில் யார் பேசினாலும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது. கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. கோப்பு அறையில் உட்கார வைத்தது. அங்கே அவருக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

கிளி வந்ததும் நிலைமை தலைகீழானது. எங்கே லிஃப்ட் நின்றது, யார் போகிறார், என்ன பாகம் வேண்டும், எல்லாமே எழுத்தில் வர ஆரம்பித்தது. ஆப்பரேட்டரம்மாவைப் பழைய மேஜைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். மெக்கானிக்குகளின் அறையை நடத்துவது அவர் பொறுப்பு. யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த கெட்டிக்காரத்தனம் காதில் இருந்ததல்லவே. அது அப்படியே இருந்தது.

கிளிக்காரருக்கு இதில் பெருமை பிடிபடவில்லை. அடுத்துப் போன அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கடுத்த அலுவலகத்திலும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதைக்குச் சதை பிடித்தது. கோப்பு அறைக்கு ஜன்னல் இல்லாமல் போயிற்று. அந்த அம்மா தினமும் அழுதார். கிளி வந்த அன்று முதலாளியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதில் எதுவும் நடந்ததல்ல. ஆனால் நூறு தடவை சொன்னபிறகு இவரே அதை நம்பிவிட்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குடை வந்தது.

குடை மிகப் பெரிய கம்பெனியின் சரக்கு. மெயில், கடிதம் அடிப்பது, கணக்குப் போடுவது என்று அலுவலகங்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அவர்கள் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது அதே கட்டுக்குள் பேசிக்கொள்ளும் சாஃப்ட்வேரையும் வைத்து, அதற்குத் தனிக் காசு வேண்டாம் என்றார்கள். அதன் மூலையில் நீலக் குடை ஒன்று விரியும். அதை இந்த ஊரில் விற்க அவர்கள் நியமித்த ஆள் யார் என்றால், கிளிக்காரரின் சொந்த மச்சான். மனைவியின் கூடப் பிறந்த தம்பி.

"வேற வேலையே கிடைக்கலையாடா உனக்கு?" என்றாள் அக்கா.

"அக்கா, அத்தானைப் பாத்துத்தான் எனக்கே இந்த லைன்ல ஆசை வந்துது" என்றான் தம்பி. அதற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்?

வாரக் கடைசியில் எல்லோரும் மாமனார் வீட்டில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். முதல் மாதமே அங்கே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் கிளியும் கூடாது, குடையும் கூடாது. மாமனாருக்கு இரண்டும் ஒன்றுதான். "ரெண்டு பேரும் ஆளுங்க பேசிக்கறதுக்குத்தானே விக்கறீங்க? நீங்க ரெண்டு பேரும் ஏன்ப்பா பேசிக்கறதில்ல?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தயிரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

உண்மையில் இருவருக்கும் பகை ஒன்றும் இல்லை. ஒரே ரிசப்ஷனில் எதிரெதிர் சோபாவில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்கள். மழை நாட்களில் மச்சான் தன் காரில் இவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவான். வண்டியில் பிள்ளைகளின் படிப்பு, மாமனாரின் மூட்டு வலி என்று எல்லாம் பேசுவார்கள். அன்றைக்கு யாரைப் பார்த்தோம் என்பதை மட்டும் இருவரும் வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள்.

ஒவ்வொன்றாகக் கிளியின் வாடிக்கைகள் குடைக்குள் போய்க்கொண்டிருந்தன. அச்சகம் போயிற்று. மரக்கடை போயிற்று. "என்ன சார் பண்றது, அவங்க சும்மா தர்றாங்களே" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கிளிக்காரர் மனம் தளரவில்லை. லிஃப்ட் கம்பெனி தன் கையில் இருக்கும்வரை கவலையில்லை என்று நினைத்தார். அங்கேதான் அவருடைய கதை உயிரோடு உட்கார்ந்திருக்கிறதே.

லிஃப்ட் கம்பெனியின் முதலாளியம்மா ஒருநாள் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டார். "ஒரே நாள்ல, ஒரே ரூம்ல, ரெண்டு பேரும் காட்டுங்க. எங்க ஆளுங்களும் உட்காரட்டும். பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றார். அதற்குக் கிளிக்காரர் முகம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போனார்.

நீளமான மேஜை. ஒரு முனையில் முதலாளியம்மா, பக்கத்தில் மேனேஜர், அப்புறம் கணக்குப் பிரிவுக்காரர்கள், இரண்டு மெக்கானிக்குகள். கடைசி நாற்காலியில் ஆப்பரேட்டரம்மா. எதிர்ச் சுவரில் பெரிய திரை.

முதலில் மச்சான் காட்டினான். அவன் கணினியைத் திரையோடு இணைத்து, குடையை விரித்து, மெயில் இங்கே, கணக்கு இங்கே, பேச்சு இங்கே என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு போனான். நடுவில் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினான். அவன் பேசப் பேச, திரையின் அடியில் அவன் பேச்சே எழுத்தாக ஓட ஆரம்பித்தது. மெக்கானிக்குகளில் ஒருவர் சோதித்துப் பார்க்க, "கயிறு தேஞ்சுபோச்சு, மாத்தணும்" என்றார். "வயிறு தேஞ்சுபோச்சு, மாத்தணும்" என்று திரையில் வந்தது. அறையே சிரித்தது. மச்சானும் காது சிவக்கச் சிரித்துவிட்டு, "இன்னும் கத்துக்குது சார்" என்று சமாளித்து உட்கார்ந்தான்.

கிளிக்காரர் அந்தச் சிரிப்பில் ஒன்றைக் கவனிக்கத் தவறினார். ஆப்பரேட்டரம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்து, அதே நொடியில் சிரித்திருந்தார்.

இவர் முறை வந்தது. இவர் தன் கணினியைத் திறக்கவே இல்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முதலாளியம்மாவைப் பார்த்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், கிளியைப் பத்தி உங்களுக்கு நான் புதுசா சொல்ல என்ன இருக்கு? நான் ஒரே ஒரு ஆளைப் பத்தி மட்டும் பேசறேன். நம்ம ஆப்பரேட்டரம்மா. பாவம், காது போன பிறகு அவங்க இங்க ஒரு மூலையில கிடந்தாங்க. ஜன்னல்கூட இல்லாத அறை. கிளிதான் அவங்களைத் திரும்ப மனுஷியா ஆக்குச்சு. குடை வந்தா எல்லாரும் பட்டனைத் தட்டி வாயால பேச ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் அந்தம்மா கதி? பழையபடி மூலைதான். அவங்களுக்காகவாவது..."

எல்லோருடைய கண்ணும் தன் தலைக்கு மேலே எங்கோ நிலைத்திருப்பதைப் பார்த்தார். கதை வேலை செய்கிறது, கண் கலங்குகிறார்கள் என்று நினைத்தார். மச்சான் மட்டும் பதறிப்போய்க் கணினியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கிளிக்காரரே" என்றார் ஆப்பரேட்டரம்மா. தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். "திரும்பிப் பாருங்க."

திரும்பினார். மச்சான் அந்தப் பட்டனை அணைக்க மறந்திருந்தான். இவர் பேசிய அத்தனையும் சுவரில் கை அகல எழுத்தில் நின்றது. பாவம் என்றது. மூலையில கிடந்தாங்க என்றது. திரும்ப மனுஷியா ஆக்குச்சு என்றது. அதில் மட்டும் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

கிளிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆப்பரேட்டரம்மா எழுந்திருக்கவில்லை, அழவில்லை. முதலாளியம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அந்த ரூம்ல ரெண்டு ஜன்னல் இருக்கு மேடம். நான் அங்கயும் மனுஷியாத்தான் இருந்தேன்." பிறகு, "எனக்கு எது வேணும்னு யாராவது கேட்டா, குடைன்னுதான் சொல்வேன். வயிறுன்னு வந்தாலும் பரவாயில்ல. இன்னிக்குத்தான் எல்லாரும் சிரிக்கிறப்போ நானும் சிரிச்சேன்" என்றார்.

முதலாளியம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கிளிக்காரர் பக்கம் நகர்த்தி வைத்தார். அதுதான் தீர்ப்பு.

திரும்பும்போது மச்சான் காரில் ஏறச் சொன்னான். இவர் ஏறினார்.

"சத்தியமா மறந்துட்டேன் அத்தான். வேணும்னு வைக்கல."

"தெரியும்."

"நீங்க நம்பலன்னா..."

"நம்பறேன்டா. நீ வேணும்னு வெச்சிருந்தாக்கூட, அதுல வந்தது நான் பேசினதுதானே."

வீட்டில் மனைவியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் அன்றைய துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அந்தம்மா உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம்? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணவே இல்லையா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ரத்த மாதிரியைக் குலுக்கிப் பார்ப்பதுபோல, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கேட்டாள்.

மறுநாள் ஆப்பரேட்டரம்மாவுக்குக் கிளியில் எழுத உட்கார்ந்தார். ஒற்றை விரலால் அடித்தார், அழித்தார். மன்னிப்பை அப்படி டைப் அடிப்பது திருட்டுத்தனமாகத் தோன்றியது. நேரே கிளம்பிப் போனார். எதிரே நின்று நிதானமாகப் பேசினால் அந்த அம்மா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அவர் மேஜைக்கு எதிரே, தன் உதடு தெளிவாகத் தெரிகிற வெளிச்சத்தில் நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றார்.

ஆப்பரேட்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். வேறொரு லிஃப்ட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு, நிதானமாகத் திரும்பினார்.

"இந்தக் கதையை எத்தனை ஆபீஸ்ல சொல்லியிருக்கீங்க?"

"எல்லாத்துலயும்."

"அழுதாங்களா?"

"சில பேர்."

"அப்ப எனக்குக் கமிஷன் வரணுமே" என்றார் அந்த அம்மா. சொன்னபோது முகத்தில் சிரிப்பு இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் வந்தது. "நேத்து ராத்திரி வரைக்கும் எனக்குக் கோபம் அடங்கல. காலையில யோசிச்சேன். நீங்க சொன்னதுல முக்கால்வாசி பொய். ஆனா கிளி வந்துதான் நான் இந்த மேஜைக்கு வந்தேன்கறது நிஜம். அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இதுல என்ன குறைன்னும் சொல்லியிருப்பேன். மீட்டிங்ல எல்லாரும் பேசி முடிச்சு, யாராவது மனசு வெச்சு எனக்கு அதை எழுதி அனுப்பறதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. நாலு வருஷமா நான் காலி நாற்காலிகளுக்குத்தான் யோசனை சொல்லிட்டு இருக்கேன்."

கிளிக்காரர் தலையை ஆட்டினார். இத்தனை வருஷம் இந்தச் சோபாவிலும் நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்தும், இது தன் கண்ணில் படவில்லையே என்று அவருக்கு உறுத்தியது.

இதை அவர் கிளி கம்பெனியின் முதலாளியிடம் போய்ச் சொன்னார். "இலவசத்தோட நாம எப்படி சார் போட்டி போடறது?" என்று முதலாளி வழக்கம்போல ஆரம்பித்தபோது, "அவங்க இலவசத்துக்காகப் போகல சார். நாம கேக்காததால போனாங்க" என்றார். முதலாளி காதில் வாங்கிக்கொண்டார். பேச்சை எழுத்தாக்கும் வேலையை அவருடைய ஆட்கள் தொடங்கவும் செய்தார்கள். ஆனால் அந்தப் பெரிய கம்பெனியில் ஒரு மாடி முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலையை இங்கே மூன்று பேர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து செய்தார்கள். "கயிறு" அவர்கள் கையில் வயிறாகக்கூட வரவில்லை. வெறும் புள்ளிகளாக வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் முதலாளி கம்பெனியை விற்றுவிட்டார். வாங்கியவர்களுக்கு அவருடைய ஆட்கள் தேவைப்பட்டார்கள், கிளி தேவைப்படவில்லை. இன்ன தேதியோடு மூடுகிறோம் என்று எல்லா வாடிக்கைகளுக்கும் ஒரு மெயில் அனுப்பினால் போதும் என்றார்கள்.

கிளிக்காரர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "வித்தது நான். நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றார்.

அப்படித்தான் அவர் மறுபடியும் ரிசப்ஷன் ரிசப்ஷனாக ஏறி இறங்கினார். முதலில் போனது லிஃப்ட் கம்பெனிக்கு. அவர்கள் குடைக்கு மாறுவது என்று முடிவாகியிருந்ததே தவிர, இத்தனை வருஷப் பேச்சை அங்கே எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். எந்த லிஃப்ட்டில் எப்போது என்ன மாற்றினோம் என்பதெல்லாம் கிளிக்குள்தான் இருந்தது. கிளிக்காரர் மச்சானுக்குப் போன் போட்டார்.

"உங்காளுங்க பழைய பேச்சை எடுத்துக்குவாங்களா?"

"குடை எடுத்துக்கும் அத்தான். ஆனா யாராவது உட்கார்ந்து பிரிச்சுக் குடுக்கணும். எங்களுக்கு அதுக்கெல்லாம் ஆள் கிடையாது."

"நான் பிரிச்சுத் தரேன்."

ஒரு வாடகை வீட்டைக் காலி செய்கிற மாதிரியான வேலை அது. அறை அறையாகத் திறந்து, இது வேண்டுமா, இது வேண்டாமா என்று கேட்க வேண்டும். கிளிக்காரர் ஆப்பரேட்டரம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். இந்தத் தடவை கேட்காமல் ஒன்றையும் தொடவில்லை. ஒரு கம்பெனிக்குள் என்னென்ன அறைகள் இருந்தன என்று பார்த்து அவருக்கே வாய் பிளந்தது. "மூணாவது மாடி நாத்தம்" என்று ஓர் அறை; நாற்றம் போய் வெகுகாலமாகியும் அதில் ஏழெட்டுப் பேர் தங்கள் குடும்பக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய பிரிவு உபசாரத்துக்கு என்ன வாங்குவது என்று ரகசியமாகக் கட்டிய அறை. அவர் கடைசி நேரத்தில் வேலையை விட்டுப் போகவில்லை, வாங்கிய சுவர்க்கடிகாரம் மேனேஜர் அறையில் தொங்கியது. இன்னோர் அறையில் எல்லோரும் விலகிப்போய் ஒரே ஒரு மெக்கானிக் மட்டும் மிச்சம். அவர் அங்கே தனக்குத்தானே "பால் வாங்கணும்" என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தார்.

"இதை என்னம்மா பண்றது?"

"அவர்கிட்டயே கேளுங்க" என்றார் ஆப்பரேட்டரம்மா.

கேட்டார்கள். அந்த மனிதர் நெளிந்துகொண்டே, "இருக்கட்டுமே சார், பழகிப்போச்சு" என்றார். அந்த அறையும் குடைக்குக் குடிபோனது.

வேலை முடிந்த நாளில் ஆப்பரேட்டரம்மா கிளியைக் கடைசியாக ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடினார். பெருமூச்செல்லாம் விடவில்லை. பக்கத்து மேஜைக்காரர் குடையில் ஏதோ ஜோக் சொல்ல, அது எழுத்தில் தப்பும் தவறுமாக வர, அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து கிளிக்காரருக்கு இதுவே தொழிலாகிவிட்டது. லிஃப்ட் கம்பெனி சொல்லி, பழைய பேச்சைக் கிளியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்த மரக்கடை கூப்பிட்டது. மரக்கடை சொல்லி இன்னொருவர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற அலுவலகங்களுக்குப் பழைய பேச்சையெல்லாம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எதையும் விற்க வேண்டாம், யாரையும் நம்பவைக்க வேண்டாம். கேட்டால் போதும். "குடி வெச்சதும் நீங்கதான், இப்ப காலி பண்ண வைக்கிறதும் நீங்கதான்" என்று மனைவி கேலி செய்தாள். ஆனால் வேலைக்குப் போகும்போது அவர் விசிலடித்துக்கொண்டு போவதை அவள் கவனிக்கத் தவறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். அவன் வந்த முகமே சரியில்லை. அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போகும்வரை தொடவில்லை.

"பஸ் கம்பெனி எங்களை விட்டுப் போறாங்க அத்தான்."

கிளிக்காரருக்கு அது முன்பே தெரியும். தேனீ என்று புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. குடையைப் போல எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், சின்னதாக, சட்டென்று திறக்கிற மாதிரி ஒன்று. பஸ் கம்பெனி அதற்கு மாறுவதாக இவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"காலையில நான்தான் போறேன், பிரிச்சுக் குடுக்க" என்றார் தயங்கி.

மச்சான் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க போகாதீங்களேன் அத்தான்."

"நான் போகலன்னா வேற யாராவது போவாங்க. அவசரத்துல பாதியை வாசல்லயே போட்டுட்டு வருவாங்க."

"எனக்கு மேல இருக்கறவன் கேப்பான், ஏன் போனாங்கன்னு. நான் என்ன சொல்ல?"

"உனக்குத் தெரியுமா, ஏன் போறாங்கன்னு?"

"மலிவா குடுத்திருப்பான்" என்றான் மச்சான்.

கிளிக்காரருக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அவரே அதை மாட்டிக்கொண்டு அலைந்தவர். "நீயும் என்கூட வா. திரும்பப் பிடிக்கறதுக்கு இல்ல. அந்த நினைப்பை இங்கயே விட்டுட்டு வா. சும்மா பக்கத்துல உட்காரு. அவங்க பேசுவாங்க."

"தோத்துப்போனவன் போய் எதுக்கு அங்க உட்காரணும்?"

"நானும் அப்படித்தான்டா உட்கார்ந்தேன்" என்றார் கிளிக்காரர். "ஒண்ணும் ஆகல. நாற்காலி நல்லாத்தான் இருந்துது."

அக்கா சமையலறையிலிருந்து சிரிப்பது கேட்டது. மச்சான் ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தான்.

காலையில் இருவரும் அவன் காரிலேயே போனார்கள். பஸ் கம்பெனியின் ரிசப்ஷனில் புதுப்பெண் ஒருத்தி இருந்தாள். இவர்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். மச்சான் பழக்கதோஷத்தில் குடையின் பெயரைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினான்.

"சாமான் ஏத்த வந்திருக்கோம்மா" என்றார் கிளிக்காரர்.

அவள் புரியாமல் உள்ளே போன் போட்டாள். எதிரெதிரே இரண்டு சோபாக்கள் இருந்தன. இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் டிரைவர்களுக்கு வண்டி பிரித்துக் கொடுக்கும் பெண்மணி வந்து, அவர்களைத் தன் மேஜைக்கு அழைத்துப் போனார். அவர் மேஜைக்கடியில் இருந்த மின்சார இணைப்பு கிளிக்காரரின் கணினிக்கு எட்டவில்லை. மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து, வயரை இழுத்துக் கொடுத்தான். பிறகு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்மணியைப் பார்த்து, இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"சொல்லுங்கம்மா. எங்க சாமான்ல உங்களுக்கு எது கஷ்டமா இருந்துது?"

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டார். சொல்ல அவரிடம் நிறைய இருந்தது.